நோயாளிக்குத் தன்மொழியில் ஒரு குரல் வேண்டும்

(வன்னியில் கமக்காரரும் வைத்தியர், தாதியர், ஆசிரியர் முதலானோரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற பேச்சின் எழுத்து வடிவம்)

   

கைத்தொலைபேசி, கணினி முதலிய கருவிகளின் துணையால், வீட்டிலிருக்கும் நோயாளியைத் தொலைவிலிருந்தே கவனித்தலும், அவரைத் தாங்கி நிற்கும் குடும்பத்தாருக்கு உதவுதலும் பற்றியே இன்று நாம் பேச எடுத்துக்கொண்டோம். இது வைத்தியருக்கு மட்டும் உரிய பொருளெனச் சிலர் எண்ணக்கூடும். அரசியற் கூட்டத்தில் இதற்கு என்ன வேலை என்று வேறு சிலர் கேட்கவும் கூடும். பேச்சு முடிவதற்குள் அவ்வையம் நீங்குமென நம்புகிறோம்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து, மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார். நோயுற்றவன் ஒருவன், நோய் தீர்ப்பவன் ஒருவன், மருந்து மூன்றாவது, அருகிருந்து பணிசெய்பவன் நான்காவது. முதல் மூன்றையும் எவரும் மறப்பதில்லை. நான்காமவனையே உலகம் மறந்துவிடுகிறது. மருந்தை வேளை தவறாது கொடுப்பவனும், முகவாட்டத்தை முதலிற் காண்பவனும், இரவில் விழித்திருப்பவனும் அவனே. இன்று வந்துள்ள கருவிகள் அந்த நான்காமவனின் கைக்கு வலுவூட்ட வந்தவையா, அவனை நீக்கிவிட்டு அவன் இடத்தில் அமர வந்தவையா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

பஸ் நிலையத்தில் கண்ட பெரியவர்

நாம் நேரிற் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுகிறோம். ஊரும் பேரும் வேண்டாம். குளமொன்றின் கீழ் வயல் செய்யும் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர். சலரோகமும் இரத்த அழுத்தமும் அவருக்கு உண்டு. மாதந்தோறும் கிளினிக்குக்குப் போய் மருந்து எடுப்பவர். ஒருநாள் விடியற்காலம் நான்கு மணிக்கு எழுந்து, முதல் பஸ்ஸைப் பிடித்து, வெறும் வயிற்றோடு வைத்தியசாலைக்குப் போனார். அங்கே கிளினிக் இல்லை. நாள் மாற்றப்பட்டுவிட்டது. “உங்கள் போனுக்கு அறிவித்தல் அனுப்பினோமே!” என்றார்களாம்.

பஸ் நிலையத்தில் எம்மைக் கண்டதும் அவர் தம் கைத்தொலைபேசியை நீட்டினார். அறிவித்தல் இரண்டு நாளுக்கு முன்பே வந்துதான் இருந்தது. ஆனால் அவர் வாசிக்க அறியாத மொழியில் வந்திருந்தது. “கொம்பனிக்காரன் காசு கேட்டு அனுப்பினதாக்கும் எண்டு விட்டிட்டன், தம்பி” என்றார் பெரியவர். வாசித்துச் சொல்லக்கூடிய பேரன் கொழும்பில் வேலை செய்கிறான். அன்று அவர் இழந்தது ஒரு நாள் வயல்வேலையும் பஸ் காசும் மட்டுமா? மருந்து முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

அன்பர்களே! அலுவலகப் பதிவில் அவ்வறிவித்தல் ‘அனுப்பப்பட்டது’ என்றே குறிக்கப்பட்டிருக்கும். போய்ச் சேர்ந்ததா, விளங்கிற்றா என்று பார்ப்பதற்கு அங்கே ஓர் ஆள் இல்லை. எமது முறைப்பாடு முழுவதும் இவ்விடத்திலேயே அடங்கிவிடுகிறது.

கென்யா தரும் பாடம்

இனி உலகம் கண்ட அனுபவத்தைப் பார்ப்போம். ஆபிரிக்காக் கண்டத்திலுள்ள கென்யா எம்மைப் போலவே பிரித்தானியர் ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடு. அங்கே 2007ஆம் ஆண்டு எச்.ஐ.வி. நோயாளர் 538 பேரை வைத்து ஓர் ஆய்வு தொடங்கப்பெற்றது. அந்நோய்க்குரிய மருந்தை நாள் தவறாது உண்ணவேண்டும். தவறினால் நோய் மருந்துக்கு அடங்காது போய்விடும். மூன்று கிளினிக்குகளைச் சேர்ந்த அந்நோயாளரை இரு பகுதியாக்கினர். ஒரு பகுதியினர்க்கு வழக்கமான சிகிச்சை மட்டும் கிடைத்தது. மற்றப் பகுதியினர்க்கு அச்சிகிச்சையோடு வாரம் ஒருமுறை கைத்தொலைபேசியில் ஒரு குறுஞ்செய்தியும் சென்றது.

அச்செய்தி என்ன தெரியுமா? ‘மருந்து உண்டாயா?’ என்னும் அதட்டல் இல்லை. நோயின் பெயரும் இல்லை. சுவாகிலி மொழியில் ‘மாம்போ?’ என்ற ஒரே சொல். ‘எப்படிச் சுகம்?’ என்று நம்மூர் வேலியோரத்தில் கேட்பது போன்றதே அது. நோயாளர் இரண்டு நாளுக்குள் மறுமொழி அனுப்ப வேண்டும். ‘சாவா’ என்றால் நலம். ‘ஷிடா’ என்றால் இடர். இடர் என்றவரையும், மறுமொழியே தராதவரையும் கிளினிக்கிலிருந்து ஓர் ஆள் தொலைபேசியில் அழைத்துப் பேசினார். முறை முழுவதும் இவ்வளவே.

அதன் பயன் 2010ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. செய்தி பெற்றவருள் 100க்கு 62 பேர் மருந்தை ஒழுங்காக உண்டனர். பெறாதவருள் 50 பேரே அவ்வாறு உண்டனர். இரத்தத்தில் நோய்க்கிருமி அடங்கியிருந்தோர் தொகை முதற்பகுதியில் 100க்கு 57, மற்றதில் 48.

விலையுயர்ந்த கருவி எதுவும் இங்கே பயன்படவில்லை. எவரிடமும் இருக்கக்கூடிய சாதாரணக் கைத்தொலைபேசியே போதியதாயிற்று. ஆனால் மூன்று காரியங்கள் தவறாது நடந்தன. செய்தி மக்கள் நாளும் பேசும் மொழியிற் சென்றது. நோயாளி மறுமொழி சொல்ல வழி இருந்தது. மறுமொழிக்குப் பின்னால் செவிகொடுக்கும் ஆள் ஒருவர் இருந்தார். பஸ் நிலையத்தில் நாம் கண்ட பெரியவருக்கு இம்மூன்றில் ஒன்றுதானும் கிடைத்ததா?

பணக்கார நாடுகளின் அனுபவம்

பணமும் கருவியும் மலிந்த அமெரிக்காவுக்குச் செல்வோம். இருதயம் பலவீனப்பட்டு வைத்தியசாலையில் இருந்து வீடு திரும்பிய 1,653 பேரை அங்கே ஆய்வுக்கு எடுத்தனர். அவருட் பாதிப்பேர் நாள்தோறும் ஒரு தொலைபேசி இலக்கத்தை அழைக்க வேண்டும். மறுமுனையில் பேசுவது பதிவுசெய்யப்பட்ட இயந்திரக் குரல். அது மூச்சுத்திணறல் உண்டா, உடல்நிறை எவ்வளவு என்று கேட்கும். நோயாளர் விசைகளை அழுத்தி விடை தருவர். அவ்விடைகளை வைத்தியக் குழுவினர் வேலைநாட்களில் எடுத்துப் பார்ப்பர். எண்ணிப் பார்த்தால் அரிய ஏற்பாடே.

முடிவு 2010ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆறு மாதத்துள் மீண்டும் வைத்தியசாலைக்குச் சென்றோர் அல்லது இறந்தோர் தொகை, இயந்திரக் குரலோடு பேசியவரிடையே 100க்கு 52.3, பேசாதவரிடையே 51.5. யாதொரு நன்மையும் விளையவில்லை. இயந்திரத்தோடு பேசுமாறு விடப்பட்டவருள் 100க்கு ஏறத்தாழ 14 பேர் ஒருமுறைதானும் அதனை அழைக்கவில்லை. ஆய்வின் இறுதி வாரத்தில் வாரம் மூன்று முறையாவது அழைத்தவர் 100க்கு 55 பேரே. நோயுற்ற மனிதன் உயிரில்லாக் குரலோடு எத்தனை நாள் பேசுவான்?

அதே நோய்க்கு ஜேர்மனி வேறொரு வழியைக் கண்டது. அங்கே 1,571 பேரை ஆய்வில் சேர்த்தனர். வீட்டில் நிறைகாட்டும் தராசு, இரத்த அழுத்தக் கருவி, இருதயத் துடிப்பைப் பதியும் கருவி முதலியன பாதிப்பேருக்குக் கொடுக்கப்பட்டன. அவற்றின் அளவுகள் நாள்தோறும் பேர்லின் நகரிலுள்ள ஒரு நிலையத்துக்குச் சென்றன. அந்நிலையத்தில் வாரத்தின் ஏழு நாளும், நாளின் இருபத்துநான்கு மணிநேரமும் வைத்தியரும் தாதியரும் இருந்தனர். தாதியர் மாதந்தோறும் நோயாளரோடு தொலைபேசியில் உரையாடினர். 2018ஆம் ஆண்டு வெளிவந்த முடிவின்படி, வழக்கமான சிகிச்சை பெற்றவரிடையே ஆண்டொன்றுக்கு 100 பேருக்கு 11.34 ஆக இருந்த மரணம், இவரிடையே 7.86 ஆகக் குறைந்தது. 2020ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், இருதய நோயாளருக்கான இம்முறையை ஜேர்மனி தன் பொது மருத்துவக் காப்புறுதியிற் சேர்க்க முடிவுசெய்தது.

இவ்விரு ஆய்வுகளும் எல்லா வகையிலும் ஒத்தவை என்று நாம் கூற வரவில்லை. நோயாளரைத் தெரிந்தெடுத்த முறையும், கருவிகளும், காலமும் வேறு. ஆயினும் ஒரு வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது. ஓரிடத்தில் நோயாளி இயந்திரத்தின் முன் விடப்பட்டான். மற்ற இடத்தில் இயந்திரத்தின் பின்னால் விழித்திருந்த மனிதர் கையில் ஒப்படைக்கப்பட்டான்.

புற்றுநோயாளர் விடயத்திலும் இவ்வாறே கண்டனர். நியூயோர்க் நகரிலுள்ள மெமோரியல் சுலோன் கெற்றரிங் நிலையத்தில், மருந்தேற்றிக்கொள்ளும் நோயாளர் 766 பேரை ஆய்வில் சேர்த்து, அவருள் ஒரு பகுதியினர் தமது வாந்தி, நோவு, களைப்பு முதலியவற்றைக் கணினி வழியாகத் தாமே அறிவிக்கும்படி செய்தனர். நிலைமை மோசமானால் உடனே தாதிக்கு அறிவித்தல் போகும். 2017ஆம் ஆண்டு வெளிவந்த கணக்கின்படி, அவ்வாறு அறிவித்தவருட் பாதிப்பேர் 31.2 மாதத்துக்கு மேலும் உயிர்வாழ்ந்தனர். வழக்கமான முறையில் இருந்தவர்க்கு அக்காலம் 26 மாதம். ஐந்து மாத ஆயுள், அன்பர்களே! ‘எனக்கு நோகிறது’ என்று சொல்ல ஒரு வழியும், அதனைக் கேட்க ஒரு தாதியும் இருந்தமையும் அந்த ஐந்து மாதத்துள் அடங்கியிருக்கின்றன.

கொப்பியும் பென்சிலும் போதாவா?

இங்கே கூடியிருக்கும் கமக்காரப் பெருமக்கள், “கணினிக்கும் கருவிக்கும் எங்களிடம் காசு ஏது?” என்று கேட்கலாம். அவர்களுக்கு ஒரு நற்செய்தி உண்டு.

இங்கிலாந்தில் இரத்த அழுத்தம் கட்டுப்படாத 1,182 பேரை மூன்று பகுதியாக்கினர். முதற்பகுதியினர் வழக்கம்போல் வைத்தியரிடம் போனார்கள். இரண்டாம் பகுதியினர் வீட்டிலேயே அழுத்தத்தை அளந்து, கடதாசியில் எழுதி, வைத்தியருக்கு அனுப்பினார்கள். மூன்றாம் பகுதியினர் வீட்டிலே அளந்து, கைத்தொலைபேசி வழியாக அனுப்பினார்கள். வைத்தியர் அவ்வளவுகளைப் பார்த்து மருந்தைக் கூட்டினார் அல்லது மாற்றினார். ஓர் ஆண்டின் பின் மேல் அழுத்தத்தின் சராசரி முதற்பகுதியில் 140.4, கடதாசியில் எழுதியவரிடம் 137, தொலைபேசியில் அனுப்பியவரிடம் 136. இதுவும் 2018ஆம் ஆண்டு வெளிவந்த கணக்கே.

பார்த்தீர்களா? கடதாசிக்கும் தொலைபேசிக்கும் இடையில் ஒரே ஓர் எண்தான் வேறுபாடு. நோயாளி தானே அளந்ததும், அளந்ததை வைத்தியர் பார்த்து நடவடிக்கை எடுத்ததுமே பெரும்பயன் தந்தன. எனவே ஒரு கிராமத்துக்கு ஓர் அழுத்தக் கருவியும், வீட்டுக்கு ஒரு கொப்பியும் இருந்தால் நாளைக்கே தொடங்கலாம். மாதர் சங்கமோ, கமக்காரர் அமைப்போ, வாசிகசாலையோ இதனைப் பொறுப்பேற்கலாம். அரசாங்கம் கணினி கொண்டுவரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

சிறுநீரக நோயைப் பற்றி உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 1990களில் வடமத்திய மாகாணத்தின் நெல்வயல்களில் வெளிப்பட்ட அந்நோய் வவுனியா மாவட்டத்தையும் தொட்டது. உழுது விளைவிப்பவனே அதற்கு இரையாகிறான். தொடக்கத்தில் நோவில்லை, அடையாளமும் இல்லை. இரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையுமே அதனை முன்கூட்டிக் காட்டுகின்றன. கண்டபின் ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து பார்க்க வேண்டும். இத்தகைய நோயிலேதான், பரிசோதனை நாளை நினைவூட்டவும், வராதவரைத் தேடி அழைக்கவும் கைத்தொலைபேசி மெய்யாகவே உதவும்.

இந்நாட்டில் முடியாததா?

இவையெல்லாம் வெளிநாட்டுக் காரியங்கள், இங்கே நடவா என்று சொல்வோருக்கு ஒன்று கூறுவோம். 2020ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், கொரோனா நோய் இத்தீவின் வாசலுக்கு வந்தபொழுது, விமான நிலையத்தில் இறங்குவோரைப் பதிந்து கவனிக்கும் கணினி முறையை உள்ளூர் அறிஞரே சுகாதார அமைச்சோடு சேர்ந்து விரைவில் அமைத்தனர். ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு மென்பொருளின் மீது அதனைக் கட்டினர். அதனைப் பார்த்துப் பல நாடுகள் தாமும் அமைத்துக்கொண்டன. அதே ஆண்டு ஊரடங்குக் காலத்தில், கிளினிக் நோயாளர்க்குரிய மருந்துகள் தபால் சேவை வழியாக வீடுகளுக்குச் சென்றன.

1990 என்னும் இலக்கத்தை எல்லோரும் அறிவீர்கள். 2016ஆம் ஆண்டு இந்திய அரசின் உதவியோடு மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கிய அவ்விலவச அம்புலன்ஸ் சேவை, 2018ஆம் ஆண்டு யூலை மாதத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. அழைப்பு எங்கிருந்து வருகிறது, அண்மையில் எந்த வண்டி நிற்கிறது என்பதைக் கணினி பார்க்கிறது. அழைப்பை ஏற்றுப் பேசுபவர் மனிதர். வண்டியில் வந்து தூக்குபவரும் மனிதர். அதனாலேயே மக்கள் அதனை நம்புகிறார்கள். அறிவும் ஆற்றலும் இந்நாட்டில் இல்லையென்று இனி ஒருவரும் சொல்ல முடியாது. தமிழ் நோயாளியின் முறை வரும்பொழுது மட்டும் அவை எங்கே ஒளிந்துகொள்கின்றன என்பதுதான் கேள்வி.

மொழியும் மருந்தே

1956ஆம் ஆண்டுச் சட்டம் எம்மொழியை ஆட்சிமன்றத்தின் வாசலுக்கு வெளியே நிறுத்திய வரலாற்றை இக்கூட்டம் மறந்திருக்காது. 1987ஆம் ஆண்டு பதின்மூன்றாம் திருத்தம், தமிழும் அரசகரும மொழி என எழுதியது. அரச அலுவலருடன் தமிழிற் தொடர்புகொள்ளவும், தமிழில் மறுமொழி பெறவும் அரசியலமைப்பின் நாலாம் அத்தியாயம் உரிமை தருகிறது. ஏட்டில் எழுதிய அவ்வுரிமை கைத்தொலைபேசியின் திரைக்கு இன்னும் வரவில்லை என்பதையே பஸ் நிலையத்துப் பெரியவர் எமக்குக் காட்டினார்.

காணி உறுதியிலே மொழி தவறினால் காணி போகும். மருந்துத் துண்டிலே மொழி தவறினால் உயிர் போகும். ‘காலையில் இரண்டு, இரவில் ஒன்று’ என்பதை மாறி விளங்கிக்கொண்டால் என்ன நேரும் என்பதை இங்குள்ள தாதியர் அறிவர். கணினிக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது என்ற சாக்கு இனிச் செல்லாது. எமது பிள்ளைகள் தம் கைத்தொலைபேசியில் நாள் முழுவதும் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நோயாளியைப் பதியும்பொழுது, ‘உமக்கு எந்த மொழியில் அறிவிக்க வேண்டும்?’ என்ற ஒரு கேள்வியைச் சேர்த்தாற் போதும். எழுத்தறியாதவருக்குக் குரலாகச் சொல்லவும் கருவியால் இயலும். இக்கோரிக்கையை எமக்கென்று மட்டும் நாம் எழுப்பவில்லை. எமது மாகாணத்தில் வாழும் சிங்கள நோயாளிக்குத் தமிழில் மட்டும் அறிவித்தல் போனால், அதுவும் இதேயளவு குற்றமாகும்.

பார்ப்பது வேறு, வேவு பார்ப்பது வேறு

இன்னொரு விடயத்தையும் வெளிப்படையாகப் பேசவேண்டும். எமது மக்கள் பெயர்ப்பட்டியல் என்றாலே அஞ்சிப் பழகியவர்கள். போர் 2009ஆம் ஆண்டு முடிந்தபின்னும் அவ்வச்சம் முற்றாக நீங்கவில்லை. ‘தொலைபேசி இலக்கத்தைத் தாருங்கள், உங்கள் உடல்நிலையை நாள்தோறும் அறிவியுங்கள்’ என்று கேட்டால், இது யார் கைக்குப் போகும் என்று அவர்கள் தயங்குவது இயல்பே. அத்தயக்கத்தை அறியாமை என்று எவரும் எள்ளிநகையாட வேண்டாம்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலம் பற்றிய விவரங்களைச் சிறப்புக் காவலுக்குரியனவாக வகுத்திருக்கிறது. நல்லது. ஆயின் சட்டம் நூலில் இருந்தாற் போதாது. நோயாளியின் பதிவை வைத்தியத் துறைக்கு வெளியே எவரும் தொடலாகாது என்ற உறுதியும், தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று நோயாளி கேட்டறியும் வழியும் வேண்டும். கென்யாவில் அனுப்பிய செய்தியில் நோயின் பெயரே இல்லாமையை நினைத்துப் பாருங்கள். அத்தொலைபேசியை வேறொருவர் எடுத்துப் பார்த்தாலும் நோயாளியின் மானம் காக்கப்பட்டது.

குடும்பத்தாருக்கும் இதிலொரு கடமை உண்டு. எமது முதியோர் பலரின் பிள்ளைகள் கனடாவிலும் இங்கிலாந்திலும் பிரான்சிலும் இருக்கிறார்கள். இரவிலே திரையில் முகம் காண்கிறார்கள். அது பெரும் ஆறுதலே. ஆனால் தாயின் அறையிற் கமராவைப் பூட்டிவிட்டு, அங்கிருந்தபடியே, “அம்மா, ஏன் இன்னும் சாப்பிடவில்லை?” என்று கேட்பது அன்பாகுமா, காவலாகுமா? தாயின் சம்மதத்தைக் கேளுங்கள். அவர் வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள். அந்தக் கமராவின் விலையில், பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி நாளுக்கு இருமுறை வந்து பார்த்துப் போகச் சம்பளம் கொடுக்கலாம்.

கருவியும் ஆளைப் பார்த்துப் பேசும்

கருவி பொய் சொல்லாது என்று நம்புவோரும் உளர். கொரோனாக் காலத்தில் விரலிற் கவ்விக்கொள்ளும் ஒட்சிசன் மானியைப் பலர் வாங்கினோம். 2020ஆம் ஆண்டு டிசெம்பரில் ‘நியூ இங்கிலாந்து’ மருத்துவ ஏட்டில் ஒரு செய்தி வந்தது. மானி நல்ல அளவைக் காட்டிய வேளையிலும் இரத்தத்தில் ஒட்சிசன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்த சந்தர்ப்பங்கள், வெள்ளைத்தோலரிடம் 100க்கு 3.6, கறுப்பினத்தாரிடம் 11.7. தோலின் நிறம் ஒளியை மாற்றுவதால் மானி ஏமாந்தது. வெயிலிற் கறுத்த கையையுடைய கமக்காரனுக்கு இது சிறு விடயமா? ஆகவே வெளியூரில் அளந்து சரிபார்த்த கருவியை அப்படியே வாங்கி எமது மக்களிடம் திணிக்கலாகாது. எமது மக்களிடமும் அளந்து பார்த்தபின்பே நம்பவேண்டும்.

நாம் கேட்பன

ஆகவே எமது கோரிக்கைகளைத் தொகுத்துச் சொல்லுகிறோம்.

முதலாவது, அரச வைத்தியசாலையிலிருந்து செல்லும் ஒவ்வோர் அறிவித்தலும் நோயாளி தெரிந்தெடுத்த மொழியிற் செல்லவேண்டும். வாசிக்க இயலாதவருக்குக் குரலாகச் செல்லவேண்டும்.

இரண்டாவது, நோயாளி திரும்பிப் பேச ஓர் இலக்கமும், அவ்விலக்கத்தின் பின்னால் தமிழறிந்த ஒரு தாதியும் இருக்கவேண்டும். ஏற்கனவே நூறு பேரைப் பார்க்கும் தாதியின் தலையில் இச்சுமையையும் ஏற்றாது, இதற்கென நேரமும் நியமனமும் வழங்கவேண்டும்.

மூன்றாவது, கைத்தொலைபேசி இல்லாதவரும், அலை எட்டாத ஊரிலிருப்பவரும் ஒதுக்கப்படலாகாது. கிளினிக் கொப்பியும், வீடுதேடி வரும் குடும்பநல மருத்துவ மாதும் தொடர்ந்து இருத்தல் வேண்டும்.

நான்காவது, நோயாளியின் சம்மதமின்றி அவர் விவரம் வைத்தியத் துறைக்கு வெளியே போகலாகாது.

ஐந்தாவது, ஒரு கருவியை வாங்குமுன் அதனைப் பழுதுபார்ப்பவர் யார், அதன் அளவைப் பார்ப்பவர் யார் என்ற இரு கேள்விக்கும் விடை இருக்கவேண்டும். அன்பளிப்பாக வந்த கருவிகள் துணி போர்த்தபடி மூலையிற் கிடப்பதை நாம் கண்டிருக்கிறோம். வெளிநாட்டிலிருந்து உதவும் எம்மவர் இதனை மனத்திற் கொள்வாராக. கருவிக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்கை அதனைப் பார்க்கும் ஆளுக்கும் ஒதுக்குங்கள்.

கேட்பதோடு எமது கடமை முடியவில்லை. இங்குள்ள வைத்தியர்களே! உங்கள் கிளினிக்குக்கு வரும் அறிவித்தல் எம்மொழியில் இருக்கிறது என்பதை அடுத்த வாரமே ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஆசிரியர்களே! உயர்தர வகுப்புப் பிள்ளைகள் தத்தம் ஒழுங்கையிலுள்ள முதியவர் ஒருவருக்கேனும் தொலைபேசியை வாசித்துச் சொல்லப் பழக்குங்கள். கமக்காரப் பெருமக்களே! அழுத்தத்தை அளந்து கொப்பியில் எழுதுங்கள்; வைத்தியர் கொப்பியைப் பாராது மருந்து எழுதினால், பணிவோடும் உறுதியோடும் பார்க்கும்படி கேளுங்கள்.

அந்தப் பெரியவரை அடுத்த மாதம் மீண்டும் கண்டோம். இம்முறை அவர் தவறாது கிளினிக்குக்குப் போய்வந்திருந்தார். யார் நாளைச் சொன்னதென்று கேட்டோம். மருந்து கொடுக்கும் இடத்திலிருந்த பிள்ளை ஒருத்தி, தன் கைத்தொலைபேசியிலிருந்து, தன் காசில், முதல்நாள் மாலை அவரை அழைத்து, “அப்பா, நாளைக்குத்தான் கிளினிக், மறந்திடாதேங்கோ” என்றாளாம். அவளுக்கு அதனைச் செய்யும்படி எந்தச் சுற்றுநிருபமும் கூறவில்லை. வள்ளுவர் நான்காவதாக வைத்தவர் அவள்தான். அவளுக்கு நல்லதொரு கருவியையும், நேரத்தையும், தக்க சம்பளத்தையும் பெற்றுக்கொடுப்பது எமது வேலை.